கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள்

பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் ஆயாவாக இருந்தவள் அவள். வேலையை விட்டு மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. தெருவில் எல்லோருக்கும் ஆயாம்மாதான். குட்டையான உருவம், வேகமான நடை, எந்நேரமும் சோப்பு வாசனை அடிக்கும் கைகள். வீட்டில் யாராவது தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

அவளுடைய மருமகன் ஊரை விட்டுத் தள்ளியிருந்த ஓர் ஈமு பண்ணையில் வேலை பார்த்தார். முட்டை பொரிக்கும் மெஷின் அவர் பொறுப்பு. அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் சூடு எத்தனை டிகிரி, ஈரம் எவ்வளவு என்கிற மாதிரிதான் பேசுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினைப் பார்த்து அதில் குறித்துக்கொள்வார். “எங்க வீட்டுக்காரர் என் மொகத்தப் பாத்தத விட அந்த மெஷின் மொகத்தப் பாத்ததுதான் ஜாஸ்தி” என்று மகள் கேலி செய்வாள்.

வீட்டில் சும்மா உட்கார ஆயாம்மாவால் முடியவில்லை. பாத்திரங்களைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பண்ணையில் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது மருமகன்தான் முதலாளியம்மாவிடம் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கைக்குழந்தைகளைப் பார்த்தவங்க, சுத்தம் தெரிந்தவங்க என்று அவர் சொன்னதாக முதலாளியம்மாவே பின்னால் சொன்னாள். மருமகன் தன்னைப் பற்றி இவ்வளவு நீளமாக யாரிடமாவது பேசியிருப்பார் என்று ஆயாம்மா நினைத்ததே இல்லை.

வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஈமுக் குஞ்சு பிறக்கும்போதே ஒரு கைக்கு அடங்காது. உடம்பெல்லாம் காப்பிக் கலரிலும் வெள்ளையிலும் கோடு கோடாக இருக்கும். அழாது, விசில் அடிக்கும். முதல் வாரம் விளக்குச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கினால் குளிர்கிறது, வாயைப் பிளந்துகொண்டு ஓரமாகப் போனால் சூடு தாங்கவில்லை. தரை வழுக்கினால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும் என்பதால் சொரசொரப்பான சாக்கை விரிக்க வேண்டும். பளபளவென்று எதைப் பார்த்தாலும் கொத்தி விழுங்கிவிடும். அதனால் ஊசி, ஆணி, கம்பித் துண்டு ஒன்றும் கிடக்கக் கூடாது. பத்து நாளில் எல்லாம் கற்றுக்கொண்டாள். தினமும் காலையில் குனிந்து சாக்கைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குஞ்சுகளை இறக்குவாள்.

மருமகன் அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு வைத்தார். பொரிப்பு அறைக்குள் குஞ்சு ஓட்டை உடைக்கும்போது யாரும் கை வைக்கக் கூடாது. குஞ்சு உள்ளே விசில் அடிக்கும், முட்டை ஆடும், கீறல் விடும், அப்புறம் சில சமயம் அரை நாளுக்கு மேல் அசையாமல் கிடக்கும். அது செத்துப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுத்து முடித்துத் தொப்புள் மூடினால்தான் வெளியே வரும்.

ஆயாம்மா சிரித்தாள். தொப்புளைப் பற்றித் தனக்கே பாடமா என்றாள். பிரசவ அறையில் பெரிய டாக்டரம்மா புது நர்சுகளிடம் நூறு தடவை சொல்லிக் கேட்டவள் அவள்: அவசரப்பட்டு இழுக்காதே, தானாக வரட்டும்.

ஆனாலும் அவள் கை வைத்தாள்.

அன்று மதியம் மருமகன் ஜெனரேட்டருக்கு ஏதோ பாகம் வாங்க வெளியே போயிருந்தார். பொரிப்பு அறையில் அவள் மட்டும் இருந்தாள். தட்டில் ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். கரும்பச்சை ஓட்டில் முந்தின நாளே கீறல் விட்டிருந்தது. காலையில் விசில் கேட்டது. மதியத்துக்கு மேல் அடங்கிவிட்டது. அவள் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. விரலால் மெல்லத் தட்டினாள். உள்ளேயிருந்து பலவீனமாக ஒரு அசைவு.

மருந்துப் பெட்டியில் இருந்த சின்ன இடுக்கியை எடுத்துக் கீறலின் ஓரத்தில் ஒரு துணுக்கை மட்டும் பெயர்த்தாள். காற்றுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள். பிறகு இன்னொரு துணுக்கு. அலகு தெரிந்தது. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. குஞ்சு ஈரமாக, தலை தொங்க, அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அடுத்த நிமிஷம் விசில் அடித்தது.

அவள் ஓட்டுத் துணுக்குகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது முதலாளியம்மா உள்ளே வந்தாள். நாற்பது வயதுகூட ஆகாதவள், அப்பா விட்டுப் போன நிலத்தில் பிடிவாதமாகப் பண்ணை நடத்துகிறவள். குஞ்சைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முட்டை தேறாது என்று காலையிலேயே முடிவு கட்டியிருந்தாளாம்.

“தானாவா வந்துச்சு?” என்றாள்.

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் ஆயாம்மா மருமகனின் கண்டிப்பை நினைத்தாள்.

“ஆமாம்மா. நான் பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுத்துட்டே இருந்தேன். வந்துருச்சு” என்றாள்.

“உங்க கை ராசியான கை” என்றாள் முதலாளியம்மா.

சின்ன வார்த்தைதான். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் உறவுக்காரர்கள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், நர்சுகளுக்கு இனிப்புக் கொடுப்பார்கள். அவளைப் பார்த்தால், “ஆயா, இங்க கொஞ்சம் துடைச்சு விடு” என்பார்கள். அத்தனை குழந்தைகளைக் குளிப்பாட்டிய கை. அந்தக் கைக்கு ஒரு பேர் கிடைக்க இத்தனை வருஷம் ஆனது.

அன்றிலிருந்து அவள் கைராசிக்காரி ஆனாள். தீவனம் கலக்குகிற ஆள் முதலில் கேலியாகத்தான் சொன்னார். அப்புறம் எல்லோருமே சொன்னார்கள். முதலாளியம்மா அந்தக் குஞ்சுக்கு ராசி என்றே பேர் வைத்தாள். பொரிப்பு நாளில் ஆயாம்மா பொரிப்பு அறையில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். மகள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கர்ப்பமான பெண்களை ஆயாம்மா தொட்டுவிட்டுப் போகட்டும் என்று இரண்டு வீட்டில் கூப்பிட்டுக்கூட அனுப்பினார்கள். அவளும் போனாள்.

ராசியான கை சும்மா இருந்தால் ராசி எப்படித் தெரியும்? அடுத்த தட்டில் இரண்டு முட்டைகளுக்கு உதவினாள். அதற்கடுத்ததில் ஐந்துக்கு. மருமகன் அறையை விட்டு நகரும் நேரம் அவளுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. மெஷின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பப் போவார், சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் இடுக்கியை எடுப்பாள். குஞ்சு வந்ததும் தொப்புளில் மருந்து தொட்டுவைத்து விளக்குக்குக் கீழே விடுவாள். ஓட்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியின் அடியில் அமுக்கிவைப்பாள். திருட்டு வேலை செய்கிறவளின் சுத்தம் அது. அவளுக்கே அது தெரிந்திருந்தது.

சில குஞ்சுகள் சோர்ந்து கிடந்தன, ஒன்றிரண்டு செத்தன. எந்தப் பண்ணையிலும் ஒன்றிரண்டு சாகும்தானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். பொரிந்த எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது ஏறிக்கொண்டே போனது.

அப்புறம் பெரிய தட்டு வந்தது. முப்பது முட்டைகள். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர்கள் சிலர் பார்க்க வருகிறார்கள் என்று முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர்கள் வரும்போது விளக்குக்குக் கீழே நிறையக் குஞ்சுகள் இருக்க வேண்டும் என்று ஆயாம்மாவுக்கு ஒரு வெறி. கீறல் விட்டு மூன்று மணி நேரம்கூட ஆகாத முட்டைகளைக்கூட உரித்தாள். ஓட்டுக்கு உள்ளே இருந்த மெல்லிய தோலில் சிவப்பாக நரம்பு ஓடுவதைப் பார்த்தாள். இடுக்கி பட்ட இடத்தில் ரத்தம் துளிர்த்தது. குஞ்சு வெளியே வர இன்னும் நேரம் ஆகவில்லை என்பதற்கு அடையாளம் அது என்று அவளுக்குத் தெரியும். பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த முட்டைக்குப் போனாள்.

வந்தவர்கள் பார்த்தார்கள். இருபத்தாறு குஞ்சுகள் விளக்குக்குக் கீழே கோடு கோடாகக் கிடந்தன. “இந்தம்மாதான்” என்று முதலாளியம்மா அவளைக் காட்டினாள். ஆயாம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நான்காம் நாள் காலை மூன்று குஞ்சுகள் எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பியிருந்தது. தொப்புள் ஈரமாக, தொட்டால் பிசுபிசுத்தது. வாசனை வந்தது. அந்த வாசனையை ஆஸ்பத்திரியில் எப்போதோ ஒரு தடவை முகர்ந்திருக்கிறாள். மறக்க முடியாத வாசனை. அவள் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துச் சூடு கொடுத்தாள். வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். மத்தியானத்துக்குள் மூன்றும் போய்விட்டன. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் ஐந்து. எட்டு நாளில் பதினான்கு குஞ்சுகள் செத்தன. ஒவ்வொன்றும் சாவதற்கு முன்னால் விசில் அடிக்கப் பார்க்கும், வெறும் காற்றுத்தான் வரும். அவள் ஒன்றையும் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை. அடங்கும்வரை மடியில் வைத்திருந்தாள். மற்றவர்கள் அதையும் அவளுடைய நல்ல மனசு என்றுதான் சொன்னார்கள்.

கால்நடை டாக்டர் வந்து ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் மஞ்சள் கரு அப்படியே இருந்தது. பச்சை நிறமாகக் கெட்டுப்போயிருந்தது.

“தொப்புள் மூடறதுக்கு முன்னாடியே கிருமி உள்ள போயிருக்கு” என்றார். “மெஷின் சுத்தமா இல்லன்னாலும் இப்படி வரும். ஈரம் ஜாஸ்தியா வெச்சாலும் வரும். யாராவது அவசரப்பட்டுக் குஞ்ச வெளிய எடுத்தாலும் வரும்.” பிறகு ஆயாம்மாவைப் பார்த்தார். “நீங்கதானேம்மா பொரிக்கிறப்ப கூட இருந்தீங்க?”

“நான் பக்கத்துல உக்காந்திருப்பேன் டாக்டர். அவ்வளவுதான்” என்றாள்.

மருமகன் அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்தார். கையில் அந்தச் சின்ன நோட்டு. டாக்டர் கேட்டதும் அதைப் பிரித்து நீட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் குறித்திருந்தது. முதலாளியம்மா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. நோட்டில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றாள். எத்தனை நாளாக மெஷின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவில்லை என்று கேட்டாள். பார்வையாளர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நின்றவள், பதினான்கு குஞ்சுகளைப் புதைத்தவள்; அவளுக்கும் கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. எல்லா வேலைக்காரர்களும் நிற்க, ஐந்து வருஷம் அங்கே உழைத்த மனிதரைப் பார்த்து, சோம்பேறி என்று சொன்னாள்.

மருமகன் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆயாம்மா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் அவரை வேலிக் கம்பி இழுத்துக் கட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். பொரிப்பு அறைச் சாவி ஆயாம்மாவின் கைக்கு வந்தது. முதலாளியம்மா சொன்னபடி மருமகனே அவளுக்கு மெஷினைச் சொல்லிக் கொடுத்தார். எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும், தண்ணீர் எதுவரை இருக்க வேண்டும், மின்சாரம் போனால் முதலில் எதைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். குரலில் ஒரு சுணக்கமும் இல்லை. கடைசியில், புரிகிறதா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். சாவியைக் கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. சாயங்காலம் அவர் வந்து கை கழுவினால் தண்ணீர் சிவப்பாக ஓடும். கம்பி கிழித்த காயங்கள். அவள் மருந்து போட வந்தால், பரவாயில்லை என்று கையை இழுத்துக்கொள்வார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“எங்கம்மா நேத்து வந்தவங்க. அவங்க கை வெச்சா செத்தது பொழைக்குது. நீங்க அஞ்சு வருஷமா இருக்கீங்க, ஒரு மெஷின ஒழுங்காப் பாத்துக்கத் துப்பில்ல. கடைத்தெருவுல நாலு பேர் கேக்கறாங்க, நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்ல?”

மருமகன் சாப்பாட்டைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை. ஆயாம்மா கரண்டியோடு பக்கத்தில் நின்றிருந்தாள். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. “இன்னும் கொஞ்சம் போடவா மாப்பிள்ள?” என்று கேட்டாள். வேண்டாம் என்று அவர் எழுந்து போய்விட்டார்.

தன் வாயிலிருந்து அந்த நேரத்தில் வந்த வார்த்தையை அவள் அதற்கப்புறம் மன்னிக்கவே இல்லை. குஞ்சுகளைக் கொன்றது பெரிய தப்புதான். ஆனால் அதை ஆசையில் செய்தேன், தெரியாத்தனம் என்று எப்படியோ சால்ஜாப்பு சொல்லிக்கொள்ளலாம். கரண்டியோடு நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டதற்கு எந்தச் சால்ஜாப்பும் இல்லை.

பத்து நாளில் அடுத்த தட்டு வந்தது. இந்தத் தடவை கை வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். இடுக்கியை மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து முதலாளியம்மாவின் அலுவலக மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முட்டைகள் விசில் அடித்தன, ஆடின, கீறல் விட்டன, அடங்கின. ஒவ்வொரு முட்டையும் அடங்கும்போது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மணிக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு முட்டை தானாக விம்மியது. உள்ளேயிருந்து காலால் ஒரு உதை. ஓடு குறுக்கே பிளந்தது. குஞ்சு உருண்டு வந்தது. தொப்புள் காய்ந்து, மூடி, சுத்தமாக இருந்தது. அவள் செய்ய வேண்டியது எதுவுமே இருக்கவில்லை.

பதினெட்டு முட்டைகளில் பன்னிரண்டு பொரிந்தன. ஆறு வரவில்லை. பொரிந்த பன்னிரண்டும் மூன்றாம் நாள் தீவனத்தைக் கொத்த ஆரம்பித்தன. ஒரு வாரம், பத்து நாள் ஆயிற்று. ஒன்றுகூடச் சாகவில்லை.

இதற்குமேல் அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதே மெஷின், மருமகன் சொல்லிக்கொடுத்த அதே சூடு, அதே தண்ணீர், அதே தொட்டி. இல்லாமல் போனது அவள் கை மட்டும்.

பன்னிரண்டாம் நாள் முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் குஞ்சுகளைக் காட்டினாள். மெஷின் ஆயாம்மா கைக்கு வந்த பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை, பார்த்தீர்களா என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் வேலிக் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மருமகன் நின்றிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் கம்பிச் சுருளை இறக்கிவைத்துவிட்டுத் தட்டினார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் அவள் அவரைத் தேடிப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

“மாப்பிள்ள, அந்தப் பதினாலு குஞ்சும் என்னாலதான் செத்துச்சு. நான்தான் உரிச்சு எடுத்தேன்” என்றாள்.

அவர் குழாயை மூடவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“தெரியும் அத்த.”

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது.

“குஞ்சு தானா வந்தா ஓடு ரெண்டு மூணு பெரிய துண்டா உடையும். குப்பையில கெடந்தது எல்லாம் பொடிப் பொடியா இருந்துச்சு. தோல்ல ரத்தம். அன்னிக்கே பாத்துட்டேன்.”

“அப்பறம் ஏன் டாக்டர் கிட்ட சொல்லல? எல்லாரும் உங்கள அப்படிப் பேசினாங்களே.”

“நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்” என்றார். “டாக்டர் கேட்டப்ப சொல்வீங்கன்னு நெனச்சேன். அப்பறம் சாவி குடுத்தப்ப. அப்பறம் உங்க மக பேசினப்ப. ஒவ்வொரு நாளும் இன்னிக்குச் சொல்வாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் ஜெனரேட்டர் பழுதைச் சொல்வதுபோலச் சொன்னார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“முதலாளியம்மாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அவள் நேரே போனாள். நாளைக்கு என்று விட்டால் நாளை மறுநாள் ஆகிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. முதலாளியம்மா தீவனக் கொட்டகையில் மூட்டைகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தாள். தீவனம் கலக்கும் ஆளும், கூட்டிப் பெருக்கும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மருமகனைத் திட்டியபோது எத்தனை பேர் நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அங்கேயே சொன்னாள். இடுக்கி, ரத்தம், குப்பைத் தொட்டி, டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. அழக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள். அழுதால் யாராவது சமாதானப்படுத்த வந்துவிடுவார்கள்.

முதலாளியம்மா அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

“அப்ப அந்த முதல் குஞ்சு? ராசி?”

“அதுவும்தாம்மா. தானா வரல.”

பெருக்கும் பெண்களில் ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். தீவனக்காரர் மூட்டையைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“நான் அவர என்னெல்லாம் பேசிட்டேன்” என்றாள் முதலாளியம்மா. அவளுக்கும் முகம் கறுத்துவிட்டது. மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். குழாயடியில் மருமகனிடம் அவள் ஏதோ பேசுவது கொட்டகையிலிருந்து தெரிந்தது. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அவர் ஒரே ஒரு தடவை தலையாட்டினார்.

திரும்பி வந்து சாவியைக் கேட்டாள். ஆயாம்மா கொடுத்தாள். வேலையை விட்டுப் போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள், அதற்குத் தயாராகவே வந்திருந்தாள். முதலாளியம்மா அப்படிச் சொல்லவில்லை. குஞ்சுகளை வளர்க்கிற அறையில் இருங்கள், பொரிப்பு அறை வாசற்படியை மிதிக்காதீர்கள் என்றாள். போகச் சொல்லியிருந்தால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்திருக்கலாம். இப்போது தினமும் வந்து அத்தனை முகங்களையும் பார்க்க வேண்டும்.

மகளிடம் சொல்வதுதான் கடைசியாக மிஞ்சியது. அவள் கேட்டுவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். புருஷனின் சட்டை ஒன்று கையில் வந்தபோது நிறுத்தினாள். “என் வாயால அவர அப்படிப் பேச வெச்சிட்டியேம்மா” என்றாள். நான்கு நாள் அம்மாவோடு பேசவில்லை. புருஷனிடம் அவள் எப்படிச் சமாதானம் ஆனாள் என்பது ஆயாம்மாவுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவர்கள் இருக்கும் அறைக்குள் போவதைத் தவிர்த்தாள். கர்ப்பிணிகளைத் தொட்டுவிட்டுப் போக அவளைக் கூப்பிட்ட இரண்டு வீடுகளுக்கும் நடந்து போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை.

பண்ணையில் பேர் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. தீவனக்காரர் பழைய பழக்கத்தில் “கைராசி, இங்க வாங்க” என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். சிலர் கடித்துக்கொள்ளாமலே கூப்பிட்டார்கள். அவள் இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் கை மாறிப்போயிருந்தது. குஞ்சுகளைத் தூக்கவே பயந்தாள். சாக்கு மாற்றுவாள், விளக்கை ஏற்றி இறக்குவாள், தண்ணீர் வைப்பாள். ஒரு குஞ்சு ஒதுங்கி நின்றால்கூட, தொட்டால் என்ன ஆகுமோ என்று தள்ளி நின்று பார்ப்பாள். மருமகன் பொரிப்பு அறையிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விடும்போது எத்தனை என்று கேட்பாள், அவர் சொல்வார். அதோடு சரி. வீட்டிலும் பண்ணையிலும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை அவர். முன்பு சாப்பிடும்போது அவளிடம் குஞ்சுகளைப் பற்றி ஏதாவது சொல்வார், அது நின்றுவிட்டது.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு காலை, இரண்டு நாள் குஞ்சு ஒன்று எழுந்திருக்க முயன்று முயன்று விழுந்துகொண்டிருந்தது. ஒரு கால் பக்கவாட்டில் விரிந்து வழுக்கியது. சாக்கு சரியாகத்தான் இருந்தது. கால்களைச் சேர்த்து மெத்தென்ற பட்டையால் கட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பட்டையைக் கையில் எடுத்தாள். கீழே வைத்தாள். தானாகச் சரியாகலாம், ஒருநாள் பார்க்கலாம் என்று நினைத்தாள். மருமகன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோதுதான் வாய் திறந்தாள்.

“மாப்பிள்ள, இத ஒரு நிமிஷம் பாருங்க. நாளைக்கு வரைக்கும் பாக்கலாமா?”

அவர் தொட்டியை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இது காத்திருக்கிற விஷயம் இல்ல அத்த. நாளைக்கு விட்டா கால் அப்படியே நின்னுரும். இப்பவே கட்டணும்.”

“நீங்க கட்டிருங்களேன்.”

“எனக்கு அவ்வளவு சின்னதா முடிச்சுப் போட வராது” என்றார். குஞ்சைத் தூக்கி மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் அவள் பக்கம் நீட்டினார். “நான் பிடிச்சுக்கறேன். நீங்க கட்டுங்க.”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். துடைத்தாள். கால்களுக்கு நடுவே இரண்டு விரல் இடம் விட்டுப் பட்டையைச் சுற்றினாள். முதல் முடிச்சு நழுவிப்போனது. அவர் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது தடவை முடிச்சு நின்றது.